நெஞ்சில் மழை பார்த்தவர்

காலை ஆறு நாற்பதுக்குப் பாடசாலை வான் எங்கள் படலைக்கு முன்னால் வந்து நின்றது. ஹோன் சத்தம் கேட்கவில்லை. மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்த நான் எஞ்சின் உறுமலை வைத்துத்தான் வான் வந்துவிட்டதை அறிந்தேன். வான் ஓட்டுகிற அந்த மனிதர் ஹோன் அடிக்காமல் வந்த ஒரு காலையை அதற்கு முன் நான் கண்டதில்லை. இரண்டு குட்டை, ஒரு நீளம். எங்கள் தெருக் கோழிகள்கூட அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கி நிற்கப் பழகியிருந்தன.

வெளியே போய்ப் பார்த்தேன். ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தார்.

"என்ன அண்ணை, ஹோன் பழுதோ?"

"ஹோன் நல்லாத்தான் கிடக்கு ரீச்சர். வாடகைக்காரன்தான் குழப்படி."

இடது நெஞ்சை உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். பிறகு தலையை வெளியே நீட்டி, வீதியோரம் படங்கு விரித்து நெல் காயப்போடத் தொடங்கியிருந்த எங்கள் பக்கத்து வளவுத் தவம் அண்ணையைக் கூப்பிட்டார்.

"தவம், விரிக்காதை. மழை கிடக்கு."

தவம் அண்ணை வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. படங்கை மடிக்கத் தொடங்கினார்.

வெளியூர்க்காரர் யாராவது அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. போரின் கடைசி மாதங்களில் அந்த மனிதரின் நெஞ்சுக்குள் ஓர் இரும்புத் துண்டு புகுந்திருந்தது. விலா எலும்புக்குப் பின்னால், சுண்டுவிரல் நகத்தின் அளவு. எடுக்கப் போனால் ஆபத்து, விட்டால் ஒன்றும் செய்யாது என்று அப்போது வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். வன்னியில் இப்படித் துண்டுகளைச் சுமந்துகொண்டு நடமாடுகிறவர்கள் பலர். சிலருக்குக் காலில், சிலருக்கு முதுகில். பெரும்பாலானோர் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். இவர் அதற்கு வாடகைக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்.

"இத்தனை வருசமா உள்ளுக்கை இருக்கிறான் ரீச்சர். ஒரு சதம் தந்ததில்லை. எழும்பச் சொன்னால் எழும்பவும் மாட்டானாம்."

காற்று கனத்து மழைக் குணம் வரும்போது அந்த இடம் குத்தும். அது உண்மைதான், துண்டு உள்ள வேறு ஆட்களும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் இவருடைய குத்து ஊருக்கே உரியதாகிப் போனது. ஒரு மாசி மாதம், வெட்டின நெல் முழுவதும் வீதியில் பரவிக் கிடந்த நேரம், வெயில் எறித்துக்கொண்டிருக்கையில் இவர் வானை எடுத்துக்கொண்டு ஹோன் அடித்தபடி தெருத்தெருவாக வந்தார். "அள்ளுங்கோ, அள்ளுங்கோ! உள்ளுக்கை குத்துது!" என்று கத்தினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிலர் அவருக்காக இரங்கி அள்ளினார்கள். பின்னேரம் பெய்த மழையில் சிரித்தவர்களின் நெல் முளைத்தது.

அன்றோடு ஊரின் பேச்சு மாறிவிட்டது. "ரேடியோக்காரன் கொழும்பிலை இருந்து சொல்லுறான். இவன்ரை நெஞ்சு இஞ்சை நிண்டு சொல்லுது," என்பார் தவம் அண்ணை. கலியாண வீட்டுக்காரர் பந்தல் போடுமுன் அவரிடம் கேட்டார்கள். மிளகாய் காயப்போடுகிற பெண்கள் வானை மறித்துக் கேட்டார்கள். நானும் நுளம்புவலை தோய்த்துக் காயப்போடுகிற நாட்களில் கேட்டிருக்கிறேன். நெஞ்சில் கையை வைத்து, கண்ணை மூடி, சாத்திரக்காரன் மாதிரி ஒரு பாவனை காட்டுவார். "இண்டைக்கு ஆள் நல்ல நித்திரை. தோயுங்கோ."

அவர் சொல்லியும் மழை வராத நாட்கள் இருந்தன. "அது ஒட்டுசுட்டான் பக்கம் பெய்திருக்கும்" என்பார். ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. வந்த மழைகளை மட்டும் ஊர் நினைவில் வைத்திருந்தது.

துண்டு தெரிகிற எக்ஸ்ரே படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சீற்றுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அதைக் கண்ணாடியில் பிடித்துக் காட்டுவது ஒரு சடங்கு.

"இது மாமாவின்ரை நெஞ்சு. இந்த வெள்ளைப் பொட்டுத்தான் ஆள்."

"நோகாதோ வான் மாமா?"

"நோகும். ஆனால் அவனுக்கும் போக இடமில்லைத்தானே."

என் மகள் முதலாம் வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இரவு முழுவதும் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். நானும் அவளோடு விழித்திருந்தேன். நான் அப்படித்தான். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மருந்தில்லாமல் போன உயிர்களைக் கண்டவளுக்கு வேறெப்படி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஊர் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டது. அதில் அவர்தான் முன்னணி.

"ரீச்சரின்ரை பிள்ளை தும்மினால் நான் டீசல் அடிச்சு வைக்கவேணும்."

ஒருமுறை மகள் பாடசாலைச் சோதனை நேரத்தில் நெஞ்சு நோகிறதென்றாள். நான் அவரைத்தான் கூப்பிட்டேன். சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்தபடி வந்து வானை எடுத்தார். வழி முழுவதும் ஒரு சொல் கதைக்கவில்லை. பள்ளங்களில் மட்டும் "பிள்ளை, பிடிச்சுக்கொள்" என்றார். வைத்தியர் சோதித்துப் பார்த்து, தசைப்பிடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அதற்குப் பிறகு வான்காரர் மாதக்கணக்கில் என்னைச் சீண்டினார். ஆனால் போகிற வழியில் சீண்டவில்லை. மற்றவர்களின் நோவு என்றால் அவருக்கு இரண்டாம் கேள்வி கிடையாது. வானில் வயிற்றைப் பிடித்த பிள்ளையை எத்தனை தடவை திருப்பிக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்திருக்கிறார்! "நடிக்குதோ நோகுதோ எண்டு நான் பாக்கேலாது. நோகுதெண்டால் நோகுது."

தன்னுடைய நோ என்று வந்தால் அந்தச் சட்டம் இல்லை.

ஏன் என்று ஒருநாள் எனக்குத் தெரியவந்தது. பாடசாலையில் விளையாட்டுப் போட்டி. பிள்ளைகள் வெளியே வரும் வரை நானும் அவரும் வானுக்குள் இருந்தோம். "ஐம்பது கடந்திட்டுது அண்ணை. ஒருக்கா கிளினிக்கிலை காட்டினால் என்ன? பிரசரெண்டாலும் பாக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காயப்பட்ட நேரம் நிலத்திலைதான் கிடந்தனான் ரீச்சர். வரிசையாக் கிடக்கிறம். டொக்டர் என்னட்டை வாறார். எனக்குப் பக்கத்திலை ஒரு தாய், வயித்திலை காயம். 'அவவைப் பாருங்கோ' எண்டன். திரும்பி வந்தார். மற்றப் பக்கம் ஒரு கிழவர், காலில்லை. 'அவரைப் பாருங்கோ' எண்டன். எனக்கு மூச்சு வருது, கதைக்கிறன். நான் என்னெண்டு 'என்னைப் பார்' எண்டு சொல்லுறது?"

"அது அப்ப, அண்ணை."

"ஓம், அப்ப. ஆனால் இப்பவும் ஆஸ்பத்திரி வாங்கிலை போய் இருந்தால், பக்கத்திலை இருக்கிற ஆக்களைப் பாத்துப்போட்டு எழும்பி வந்திடுவன். மனுசி ஏசுவா. போன முறை என்ரை நம்பர் துண்டை ஒரு அம்மாவுக்குக் குடுத்திட்டு வந்தனான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மணி அடித்தது, பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

அந்தக் காலைக்கு வருகிறேன். தவம் அண்ணை படங்கை மடித்துக்கொண்டிருக்க, நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகமும் இல்லை. பனி விழுந்த காலை. எனக்குத் தோளில் சால்வை. அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை ஸ்ரியறிங்கில் சொட்டியது. நெஞ்சை அழுத்திய கை மேலே போய்த் தாடையைத் தடவியது.

"பல்லும் நோகுதோ?"

"ஓம், பல்லுக்கொதியும் சேந்திட்டுது. எல்லாம் ஒரே நாளிலை வருகுதுகள்."

"அண்ணை, இது வழமையான நோ மாதிரித் தெரியேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"உங்கடை வேலையைத் தொடங்கிட்டியள் ரீச்சர்."

என் கணவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உமக்கு எல்லாத்துக்கும் பயம்," என்றார் திரும்பாமலே. தவம் அண்ணை வீட்டுக்குள் ஓடிப்போய் இஞ்சியை இடித்துச் சுடுதண்ணீரில் கலந்து கொண்டுவந்தார். "வாய்வும் இருக்கும். குடியுங்கோ." குடித்தார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். "பாத்தியளே, போட்டுது!" முகம் உண்மையிலேயே கொஞ்சம் தெளிந்தது. வானுக்குள் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

நானும் தளர்ந்தேன். எத்தனை தடவை ஊரைக் கலக்கியிருக்கிறேன், எத்தனை தடவை ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருக்கிறேன்! எது என் பயம், எது அவருடைய நோய் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அவருடைய மனைவி வீட்டில் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் அன்று காலை முதல் பஸ்ஸில் ஒட்டுசுட்டானில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

ஆனால் அந்த வியர்வை நிற்கவில்லை. நான் மகளோடு வானில் ஏறி, முன் சீற்றில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன். "இஞ்சேருங்கோ, வானுக்குப் பின்னாலை வாங்கோ," என்று கணவருக்குச் சொன்னேன். வேலைக்குப் போகிற வழிதான், முணுமுணுத்தபடி வந்தார்.

ஊர் ஆஸ்பத்திரி வீதியிலேயே இருக்கிறது. "இதிலை நிப்பாட்டுங்கோ அண்ணை, ஒருக்காக் காட்டிப்போட்டுப் போவம்." வானின் வேகத்தைக் குறைத்தார். குறைத்ததை நான் கண்டேன். அன்று பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள் போலும். வாசலில் குழந்தைகளோடு தாய்மார் நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார்.

"எவ்வளவு சனம் நிக்குது ரீச்சர். பச்சைக் குழந்தையள். நான் பிள்ளையளை இறக்கிப்போட்டு ரவுணிலை காட்டுறன். சத்தியமாக் காட்டுறன்."

வான் நகர்ந்தது. ஒரு வேகக்குறைப்புக்கும் அடுத்த வேகத்துக்கும் இடையில் அது முடிந்துவிட்டது. இன்றைக்கும் அந்த வாசலால் போகும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

பாடசாலையும் பெரிய ஆஸ்பத்திரியும் உள்ள ரவுணுக்குப் பாதி வழியில், வாய்க்கால் பாலத்துக்கு முன்னால், இடது பக்க சிக்னல் போட்டார். ஓரமாக எடுத்தார். கியரைத் தளர்த்தி, கைபிரேக்கை இழுத்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பிறகுதான் சொன்னார்.

"ரீச்சர், கை விறைக்குது. பிள்ளையளை வைச்சுக்கொண்டு இனி ஓடக்கூடாது."

அப்போதும் அவர் தனக்காக நிறுத்தவில்லை.

என் கணவர் மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு ஓடி வந்தார். வான்காரரின் முகத்தைப் பார்த்ததும் கதவைத் திறந்தார். இருவருமாக அவரைப் பின் சீற்றுக்கு மாற்றினோம். பிள்ளைகள் புத்தகப் பைகளை மடியில் தூக்கி வைத்து இடம் விட்டார்கள். என் மகள் கொப்பி மட்டையால் விசிறினாள். கணவருக்கு வான் ஓடிப் பழக்கமில்லை. முதல் இழுவையில் எல்லோரும் குலுங்கினோம்.

"கிளச்சை மெல்ல விடுங்கோ தம்பி," என்றது பின்னாலிருந்து குரல். "அவளுக்கு வயசு போட்டுது."

யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. குடித்த இஞ்சித் தண்ணீரெல்லாம் வெளியே வர அவர் சத்தி எடுத்தார். மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி, என்ன பிடிக்கிறேன் என்றே தெரியாமல், பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரவுண் ஆஸ்பத்திரி முற்றத்தில் வெள்ளைச் சீருடையோடு ஒரு வான் பிள்ளைகள் இறங்கி நின்றதைச் சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு கணவர் அவர்களைப் பாடசாலைக்குக் கொண்டுபோனார். மகள் மட்டும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

உள்ளே கட்டிலில் கிடத்தியதும் அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். எக்ஸ்ரே படம். மகள் ஓடிப்போய் எடுத்து வந்திருந்தாள். "இதைப் பாருங்கோ டொக்டர். இதுதான் காரணம்." இளம் பெண் வைத்தியர் அவர். படத்தை வாங்கிக் கட்டிலின் கீழ்ப்பக்கம் வைத்தார். "பிறகு பாப்பம் ஐயா. முதல் இதைப் பாப்பம்" என்று ஈசிஜி வயர்களை ஒட்டத் தொடங்கினார். ஒட்டிக்கொண்டே கேட்டார். "எப்ப தொடங்கின நோ?"

"ஆறு நாற்பதுக்கு," என்றேன் நான்.

கட்டிலில் கிடந்தவர் கண்ணை என்னிடமிருந்து எடுத்துக் கூரையைப் பார்த்தார்.

ஈசிஜி கடதாசி வெளியே வந்ததும் அந்த அறையில் எல்லோருடைய நடையும் மாறியது. குளிசை கொடுத்தார்கள், ஊசி ஏற்றினார்கள், யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப அம்புலன்ஸ் கேட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர் இளைப்பில் துடித்துக்கொண்டிருந்தார். இவர் கையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினார். "அந்த ஐயாவை ஒருக்காப் பாருங்கோ." நான் கேட்ட அவருடைய கடைசிச் சொற்கள் அவைதான். திரையை இழுத்துவிட்டார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

வெளி வாங்கில் உட்கார்ந்தேன். மகளின் தலை என் மடியில். அம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. யாரையும் ஏற்றவில்லை. வெயில் முற்றம் முழுவதும் பரவிய பிறகு வைத்தியர் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"துண்டு அசையேல்லை அம்மா. அது கிடந்த இடத்திலைதான் கிடக்கு. இருதயத்துக்குப் போற குழாய் அடைச்சிட்டுது. எங்களாலை ஏலுமானதைச் செய்தம்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. "நாங்கள் எப்பிடி டொக்டர் தெரிஞ்சிருக்கிறது? அவருக்கு எந்த நாளும் நெஞ்சு நோகிறதுதானே."

வைத்தியர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வயதில் என்னிலும் மிக இளையவர், களைத்திருந்தார்.

"பழகின நோதான் ஏமாத்துறது. வியர்வை, சத்தி, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ ஓடுற நோ, இதுகளிலை ஒண்டு சேர்ந்து வந்தாலும் இருந்து பாக்கக்கூடாது. ஒண்டும் சேராட்டிலும், வழமையைப் போல இல்லை, ஆறி இருந்தாலும் விடுகுதில்லை எண்டால் வந்திட வேணும். அம்புலன்ஸைக் கூப்பிட வேணும். ஆளை வாகனம் ஓட விடக்கூடாது. நோ எதாலை எண்டு முடிவெடுக்கிறது எங்கடை வேலை. நீங்கள் வந்தால் போதும். ஒண்டுமில்லை எண்டு திருப்பி அனுப்பினால் அதுக்கு ஏன் வெக்கப்படுறியள்?"

பிறகு அவரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார்.

அந்தச் சொற்களை நான் என் வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன், பெற்றோர் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் துண்டு சுமக்கிற ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறேன். சிலர் கேட்டார்கள். சிலர் "ரீச்சருக்கு இன்னும் தெளியேல்லை" என்றார்கள். உண்மைதான், தெளியவில்லை. கணவர் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைத் தடவினால் என் கையில் போன் இருக்கும். அவர் இப்போது என்னைப் பயந்தவள் என்று சொல்வதில்லை. அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று ஆஸ்பத்திரியில் நாங்கள் காத்திருந்தது வான்காரரின் மனைவிக்காக. போனில் "கொஞ்சம் கடுமை, வாங்கோ" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். தம்பியின் மோட்டார் சைக்கிளில் ஒட்டுசுட்டானிலிருந்து வந்து இறங்கினார். புழுதி படிந்த முகம். தலையில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்தபடியே நடந்து வந்தார். என்னைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் இழுத்து மூடியிருந்த திரையைப் பார்த்தார். நான் எழுந்து கையைப் பிடித்தேன். கை குளிர்ந்திருந்தது. வாங்கில் இருந்தார். நெடுநேரம் அழவில்லை. சால்வையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நேற்றுப் பின்னேரமே நோகுதெண்டவர் ரீச்சர். நான் ஓடிப்போய்க் கொடியிலை கிடந்த உடுப்பெல்லாத்தையும் எடுத்து உள்ளை போட்டனான்."